மையவாடிக்கு வாங்கிய நண்டு

என் கணவர் அப்துல் மஜீது மௌத்தாகி இந்த ரஜப் மாதத்தோடு இரண்டு வருடம் முடிகிறது. அவரைப் பற்றிப் பேச்சு வந்தால், ஷார்ஜாவில் பதினாறு வருடம் இருந்ததைச் சொல்வார்கள். திரும்பி வந்து முன்பக்கம் மண் தூக்கும் லோடர் வைத்த சின்ன டிராக்டர் வாங்கியதைச் சொல்வார்கள். அந்த லோடரில் மாட்ட ஓர் இரும்புக் கையை நாங்கள் தேர்ந்தெடுத்த கதையை முழுதாகச் சொல்ல இப்போது என்னைத் தவிர ஆள் இல்லை.

எங்கள் ஊர் அறந்தாங்கிக்குக் கிழக்கே. பள்ளிவாசலுக்குப் பின்னால் மூன்று ஏக்கர் மையவாடி. இறந்தவர்களை அங்கேதான் அடக்குவோம். அதில் பாதியைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. ஒரு மழை நாளில் ஜனாஸாவைச் சுமந்து போனவர்கள், முள்ளுக்குள் வழி கிடைக்காமல் சந்தூக்குப் பெட்டியைத் தோளில் வைத்தபடியே அரை மணி நேரம் நின்றார்கள். அதற்கு முன் ஒரு முறை, வாடகைக்கு வந்த பெரிய மண்வெட்டும் எந்திரம் ஒரு பழைய கபுரின், அடக்கிய குழியின், ஓரத்தைச் சரித்துவிட்டது. அன்றோடு எந்த எந்திரமும் உள்ளே வரக்கூடாது என்று ஜமாஅத் தலைவர் அப்துல்லா சொல்லிவிட்டார். ஆள் வைத்து வெட்டினார்கள். வெட்டிய முள்ளை வெளியே இழுக்க முடியவில்லை. அது கபுர்களின் மேலேயே காய்ந்து கிடந்தது.

அந்த முள்ளைத் தன் டிராக்டரால் எடுத்துத் தர என் கணவர் ஜமாஅத்தில் எழுந்து நின்று அனுமதி கேட்டார். நாற்பது பேருக்கு முன்னால் வாக்கும் கொடுத்துவிட்டு வந்தார்.

“ஒரு கபுர்ல ஒரு பிடி மண்ணு பெரண்டாலும் அன்னைக்கே வண்டிய வெளியில எடுத்துர்றேன். அதுக்கப்பறம் இந்த ஜமாஅத்துல நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

வீட்டுக்கு வந்து இதை அப்படியே சொன்னார். ஊரில் எந்தப் பிரச்சினை என்றாலும் முதலில் எழுந்து பேசுகிற மனிதர். பேச்சை அடகு வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஸ்ரத் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். பச்சையாக இருப்பதெல்லாம் இறைவனைத் துதித்து தஸ்பீஹ் செய்யும். ஆகவே புல்லைச் சுரண்டக் கூடாது, வேரைப் பிடுங்கக் கூடாது. வெட்டிக் கிடக்கும் முள்ளை மட்டும் எடுக்க வேண்டும். லோடரோடு வந்த மண் அள்ளும் பக்கெட் இதற்கு ஆகாது. அது தரையைச் சுரண்டாமல் எதையும் எடுக்காது. வேண்டியது கிராப்பிள் என்பது. கீழே வளைந்த இரும்பு விரல்கள், மேலே திறந்து மூடும் தாடை. அள்ளாமல் கவ்வித் தூக்கும். முதல் நாளே இவர் அதற்கு நண்டு என்று பெயர் வைத்துவிட்டார்.

வீட்டுக்குள் வரும் எந்தத் தாளையும் படிக்காமல் விடமாட்டேன், மருந்துச் சீட்டு முதற்கொண்டு. லோடருக்குக் கொடுத்த புத்தகத்தையும் படித்தேன். நானூறு கிலோ தூக்கும் என்று போட்டிருந்தது. மாட்டுகிற இரும்பின் எடையும் அதற்குள் அடக்கம் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு கொடிக்கயிற்றில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்து, கபுர் வரிசைகளுக்கு நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து வரச் சொன்னேன். எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குள் போகும் வழக்கம் இல்லை. அவர் கண்ணும் அந்தக் கயிறும்தான் எனக்கு. ஐந்தரை அடியில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தார்.

விராலிமலைக்குப் போனோம். நெடுஞ்சாலை ஓரத்தில் ஆத்மநாதன் என்பவர் பட்டறை வைத்து லோடருக்கு மாட்டும் சாமான்களைச் செய்துகொண்டிருந்தார். மூன்று நண்டுகள் வெயிலில் கிடந்தன. ஒன்று ஐந்தடி அகலம், இரண்டு தாடை, கூரான விரல்கள். இன்னொன்றுக்கு விரலே இல்லை, பக்கெட்டுக்கு மேல் தாடை வைத்தது. மூன்றாவது மூன்றரை அடி, ஒற்றைத் தாடை. மற்ற இரண்டுக்கும் பிள்ளை போல இருந்தது.

இவர் நேரே போய்ப் பெரியதன் முதுகில் தட்டினார். ஷார்ஜாவில் பழைய இரும்புக் கிடங்கில் இவர் ஓட்டியது அந்த ஜாதிதான். ஆத்மநாதன் அதை எங்கள் வண்டி போன்ற ஒன்றில் மாட்டி ஒரு ஈரப் பனந்துண்டைத் தூக்கிக் காட்டினார். வண்டியின் பின்சக்கரம் ஒரு சாண் மேலே எழும்பியது. பின்னால் ஒரு கான்கிரீட் கட்டையைத் தொங்கவிட்டால் சரியாகிவிடும் என்றார். எடை எவ்வளவு என்று கேட்டேன். இருநூற்று முப்பது கிலோவாம்.

நண்டைத் தூக்கவே பாதிப் பலம் போய்விடும் என்றேன். முள் எடையில்லாத சரக்கு, பஞ்சு மாதிரி, அதற்குப் பலம் வேண்டாம், அகலம்தான் வேண்டும் என்றார் இவர். அது நியாயம்தான். ஐந்தரை அடி இடத்தில் ஐந்தடி நண்டு போய்விடும். ஆத்மநாதன் பில் எழுதப் பேனாவை எடுத்துவிட்டார்.

அப்போதுதான் தோன்றியது.

“மச்சான், எந்த வரிசையில அளந்தீங்க?”

“எங்கத்தா கபுருகிட்ட.”

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார்.

எங்கள் ஊர் ஆண்கள் எல்லோரும் இப்படித்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மையவாடிக்குப் போவார்கள், தங்கள் வீட்டுக் கபுர்களுக்கு முன்னால் நின்று துஆ ஓதுவார்கள், வந்த வழியே திரும்பிவிடுவார்கள். அவரவர் அத்தா கிடக்கும் வரிசைதான் அவரவருக்கு மையவாடி. அளக்கக் கயிற்றைக் கொடுத்தால் கால் அங்கேதான் போகும். அந்த வரிசைகளில் முள் இல்லை. போய் நிற்க ஆளில்லாத பழைய கபுர்களின் மேல்தான் முள் கிடந்தது. அங்கே கபுர்களின் தலைமாட்டில் நட்ட மீசான் கற்கள் எவ்வளவு நெருக்கம் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு நாள் பொறுக்கும்படி ஆத்மநாதனிடம் கேட்டார்.

“கயிறளக்கவா பாய் எழுபது கிலோமீட்டர் திரும்பிப் போறீங்க?” என்று அவர் சிரித்தார்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் இவர் நேரே டீக்கடைக்குப் போனார். அங்கே டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

“அந்தாளு முன்னாடி வச்சா கேக்கணும்?”

“வாங்கிட்டு வந்தப்பறம் கேக்கச் சொல்றீங்களா?”

டீயை ஊதிக் குடித்தார். முகம் கொஞ்சம் தளர்ந்தது.

மறுநாள் காலையில் மையவாடிக்குப் போனவர் சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் வந்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கீறல். முள்ளுக்கடியில் தவழ்ந்து, முள் கிடந்த பதினொரு வரிசைகளையும் அளந்திருக்கிறார். கயிற்றில் பதினொரு முடிச்சு. மிகக் குறுகலான இடம் நாலேகால் அடி. எங்கள் டிராக்டர் மூன்றே முக்கால் அடி. இரண்டு பக்கமும் நான்கு விரல் மிஞ்சும். பெரிய நண்டை மாட்டியிருந்தால் முதல் பழைய வரிசையிலேயே இரண்டு பக்கத்து மீசான் கற்களையும் பெயர்த்திருக்கும். கைக்கு நான் எண்ணெய் தடவும்போது, இதை அவரே கணக்குப் போட்டுச் சொன்னார்.

மறுபடியும் விராலிமலை. இந்த முறை அவர் நேரே சின்னதன் பக்கம் போய் நின்றார். டயரைத் தாண்டாத அகலம், நூற்றுப்பத்து கிலோ. அதன் விரல் நுனிகள் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை; மண்ணைக் குத்துகிற கூர். நுனியை மேலே வளைத்து, குண்டாகப் பற்றவைத்துத் தர முடியுமா என்று கேட்டேன்.

“பல்லுப் புடுங்கின நண்டு கேக்குறீங்களேக்கா” என்றார் ஆத்மநாதன்.

“அது கடிக்க வேணாம். புடிச்சாப் போதும்.”

இவர் என்னைப் பார்த்துவிட்டு ஆத்மநாதனைப் பார்த்தார். அக்கா சொன்னபடியே செய்துவிடுங்கள் என்றார்.

வேலை நான்கு நாள் நடந்தது. மையவாடிச் சுவருக்கு வெளியே சாலையில் நின்று சத்தத்தைக் கேட்டேன். உள்ளே வண்டியைத் திருப்ப இடமில்லை. ஒவ்வொரு கவ்வலையும் மீசான் கற்களுக்கு மேலே தூக்கிக்கொண்டு, பின்பக்கமாகவே வரிசை முழுவதும் வர வேண்டும். எஞ்சின் சத்தம் நின்றால் சுவரை ஒட்டிப் போய் நிற்பேன். மறுபடி உறுமினால் சாலைக்குத் திரும்புவேன். தலைவர் அப்துல்லா ஒவ்வொரு நடைக்கும் செருப்பில்லாமல் கூடவே நடந்தாராம், தரையைப் பார்த்துக்கொண்டே. நான்காம் நாள் அஸருக்குப் பின் அவரும் இன்னும் மூன்று பேரும் பதினொரு வரிசைகளையும் சுற்றிப் பார்த்தார்கள். புல் மடங்கிக் கிடந்ததே தவிர, ஓரிடத்திலும் மண் புரளவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் மைக்கில் அப்துல்லா பேசினார். மையவாடியைத் துப்புரவாக்கித் தந்த அப்துல் மஜீதுக்கும், நல்ல சாமானாகப் பார்த்து வாங்கிய அவருடைய சாமர்த்தியத்துக்கும் ஜமாஅத் நன்றி சொல்கிறது என்றார். அடுப்படியில் குழம்பைத் தாளித்துக்கொண்டிருந்த எனக்கு அது நன்றாகவே கேட்டது. சந்தோஷப்பட்டேன்.

மைக் அணையவில்லை. யாரோ கைமாற்றும் கரகரப்பு கேட்டது. பிறகு இவர் குரல்.

“நான் எடுக்க இருந்தது வேற சாமான். அத மாட்டியிருந்தா நேத்து நான் தல குனிஞ்சு நின்னுருப்பேன். பாத்து எடுத்தது நான் இல்ல. ரம்லத் பீவி. எம் பொஞ்சாதி.”

எங்கள் பக்கத்து ஆண்கள் வெளியில் மனைவி பேரைச் சொல்ல மாட்டார்கள். ‘வீட்ல’ என்பார்கள், ‘பிள்ளைகளோட அம்மா’ என்பார்கள். முப்பது வருடத்தில் இவரும் அப்படித்தான். என் பேர் நான்கு தெருவுக்கும் மேலே, கொட்டகைகளையும் தென்னைகளையும் தாண்டிப் போனது. பக்கத்து வீட்டில் ஆட்டுரல் சத்தம் நின்றது. என் சட்டியில் வெங்காயம் கருகியது.

கருகின வாசத்தோடுதான் அன்றைக்குச் சோறு போட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தலை நிமிராமல் கேட்டார்.

“மைக்குச் சத்தம் இங்கிட்டு வந்துச்சா?”

“என்னமோ கரகரன்னுச்சு. சரியாக் கேக்கல. என்ன சொன்னீங்க?”

அவர் என்னைப் பார்த்தார். நான் பொய் சொல்வது அவருக்குத் தெரியும். கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, நாற்பது பேர் உட்கார்ந்திருப்பது போலக் குரலை உயர்த்தி, முதல் வார்த்தையிலிருந்து மறுபடியும் சொன்னார்.