சீனிக்குக் கீழே

1

இது எங்கள் அப்பா வழக்கில் தோற்ற கதை. தனக்கு நடந்த அநியாயம் என்றுதான் சாகும்வரை சொன்னார். நான் இதை வெற்றிக் கதையாக எழுதப்போகிறேன். வென்றவர் எங்கள் வீட்டுக்காரி, கைருன்னிஸா.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ஈவிரக்கமற்ற வீட்டுக்காரி ஒருத்தி வெள்ளவத்தையில்...

சீ, வேண்டாம். கதைக்குள் வந்தாலே வீட்டுக்காரருக்குக் கொம்பு முளைத்துவிடுகிறது. இந்த விதவைக்கு இருந்ததே ஒரு வீடு. அதை 1937இல் எங்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, கொட்டாஞ்சேனையில் தம்பி வீட்டுக் குசினிக்குப் பக்கத்து அறையில் படுத்தார். அப்பா ஏழு மாதம் வாடகை கொடுக்கவில்லை. (அரசாங்கக் கந்தோரில் கிளார்க், சம்பளம் ஒழுங்காக வந்தது. குதிரைப் பந்தயம் என்று ஒரு காரணம் எழுதி அடித்துவிட்டேன். கொடுக்காமல் இருக்க முடிந்தது, கொடுக்கவில்லை.)

2

வீட்டை விடச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அதற்குப் பிறகு வீட்டுக்காரி வாடகை வாங்கினால் நோட்டீஸ் செல்லாது என்றார் அப்பாவுக்காக வழக்குப் பேசிய பிரக்கிராசி நமசிவாயம். தீபாவளிக்கு அம்மா வழக்கம்போல் கைருன்னிஸாவுக்குப் பலகாரத் தட்டம் அனுப்பினார். முறுக்குக்குக் கீழே அப்பா ஒரு மாத வாடகையைச் செருகிவிட்டார்.

மறுநாள் தட்டம் நிறையச் சீனியோடு திரும்பி வந்தது. அப்பா எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"காசை வாங்கிப்போட்டா."

3

புதுக்கடைக் கோர்ட். தம்பி தான் பேசுவதாகச் சொல்லியும் கேளாமல் கைருன்னிஸாவே கூண்டில் ஏறினார்.

"தட்டம் வந்ததா இல்லையா?" என்றார் நமசிவாயம்.

"வந்திச்சி. பணியாரத்தை எல்லாரும் திண்டோம். சல்லியைத் திருப்பி அனுப்பிட்டேன்."

"எப்படி?"

"சீனிக்குக் கீழ வச்சு. எங்கட வீட்டுல வெறுந்தட்டம் அனுப்புறல்ல. பாலேஸ்வரி தங்கச்சிக்கிட்டக் கேளுங்க, தொரை."

பாலேஸ்வரி என் அம்மா. அவரைக் கூண்டுக்குக் கூப்பிட்டார்கள். அம்மாவின் கண்களில்...

இங்கே பேனாவை வைத்துவிட்டேன். ஒரு பொய் சொன்னால் வீடு எங்களுக்கு. நான் அப்போது அவர் வயிற்றில். அவரைப் புருஷனுக்கு எதிராகப் பேசவைக்க எனக்கென்ன உரிமை? ஆனால் அவர் என்னைக் கேட்கவில்லை.

"ஓம். சீனியைப் போத்திலுக்கை கொட்டேக்கை கண்டனான்."

சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து நோட்டுகளை மேசையில் வைத்தார்.

"இது அவவின்ர காசு. இவரிட்டைக் குடுத்தால் போய்ச் சேராது எண்டு வைச்சிருந்தனான்."

(முடிச்சு நாடகத்தனமாக இருக்கிறது. இருக்கட்டும்.)

வீடு கைருன்னிஸாவுக்கே என்று தீர்ப்பாயிற்று. இந்த வரியை எழுதியதும் கை தட்டவேண்டும்போல் இருந்தது. தட்டினேன். இரண்டு பெண்களுக்கும் சேர்த்து.

4

முடிவு ஒன்று: அப்பா மன்னிப்புக் கேட்டார். பொய்.

முடிவு இரண்டு: கைருன்னிஸா எங்களை இருக்கச் சொன்னார். ஏன் சொல்லவேண்டும்? தன் கதவைத் தானே திறந்து, தன் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தார். அதற்குத்தானே இவ்வளவும்.

சாவியை அம்மா அதே தட்டத்தில்தான் அனுப்பினார். பலகாரத்துக்கு மேலே வைத்து. தட்டம் திரும்பி வந்ததா என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை.

ஆகவே அந்தத் தட்டம், இந்தக் கதையாக, இப்போது உங்கள் கையில் இருக்கிறது. வெறுமையாகத் திருப்பாதீர்கள்.