எந்தப் பக்கம் திறப்பு

தையல் மெஷின் முன்னால், ஸ்டூலில் அக்கா. கட்டில் விளிம்பில், கூப்பிட்டால் எழுந்து நிற்கவேண்டும் என்ற உத்தரவோடு, அவள் கணவர், வெல்டர். ஜன்னலோர நாற்காலியில் காலை மடக்கிக்கொண்டு நாத்தனார், ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

மூவரும் கூடியது அங்கே இல்லாத ஒருத்திக்காக. அக்காவின் தங்கை வெளியூரில் தனி அறையில் இருக்கிறாள். வலது தோளில் அடிபட்டு, கையை மார்போடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். "தினமும் பக்கத்து அறைக்காரி தயவில் உடுத்துகிறேன். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பும்போதாவது நானே உடுத்திக்கொண்டு போகவேண்டும்" என்று இடக்கையாலேயே எழுதி, பூப்போட்ட துணியும் அனுப்பியிருந்தாள்.

துணியை இரண்டாக மடித்து, மடிப்பில் தலைக்கு வழி வெட்டி, கழுத்தின் முன்பக்கம் தொய்வாக விழவிட்டு, இடப்பக்கத்தைத் தைத்துவிட்டு, கட்டிய கையைத் தூக்காமலே போடும்படி வலப்பக்கத்தை நாடாவோடு திறப்பாக விடவேண்டும். அவ்வளவுதான் மேல்சட்டை. மெத்தைக் கடைக்குத் தலையணை உறையாகத் தைத்துத் தள்ளும் அக்காவுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? மளமளவென்று முடித்துக் கணவருக்கு மாட்டினாள்.

"என்னங்க, வலது கையை விடுங்க."

கை போய்த் தையலில் முட்டியது.

"இந்தப் பக்கம் அடைச்சிருக்குடி."

"அது உங்க இடது."

"வெல்டிங் ராடு பிடிக்கிற கை எதுன்னு எனக்குத் தெரியாதா?"

அக்கா தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். அவர் சொன்னதுதான் சரி. திறப்பு இடப்பக்கம் இருந்தது.

"முன்னைப் பின்னா மாத்திப் போடு அண்ணா," என்றாள் நாத்தனார். மாற்றினார். திறப்பு வலப்பக்கம் வந்தது. தொய்வு முதுகுக்குப் போய்விட்டது.

"முதுகுல காய்கறிப் பை தொங்குற மாதிரி இருக்கு."

"சரி, முதல்ல போட்ட மாதிரியே போட்டு, உள்ளை வெளியா திருப்பு." திறப்பு வலப்பக்கம், தொய்வு முன்னால். ஆனால் பூவெல்லாம் உள்ளே போய், வெளுத்த பக்கமும் தையலும் பல்லை இளித்தன.

"இதையா ஆபீஸுக்குப் போட்டுட்டுப் போவா?" என்றார் கணவர்.

"ரெண்டையும் சேர்த்து மாத்திப் பாருங்களேன்," என்றாள் அக்கா.

பார்த்தார்கள். திறப்பு மறுபடி இடப்பக்கம்.

"என்னை விட்டுருங்க," என்றார் வெல்டர். "எனக்கு இப்ப எங்க ஆரம்பிச்சோம்னே தெரியல."

அக்காவுக்குத் தலை கிறுகிறுத்தது. உறைக்குச் செய்வதுபோலவே, பூவை உள்ளே வைத்து மடித்து, மேலிருந்த வெளுத்த பக்கத்தில்தான் வலது என்று சாக்கட்டியால் குறித்திருந்தாள். தைத்துப் புரட்டியதும் வலது இடதாகிவிட்டது. தலையணைக்கு ஏது வலதும் இடதும்? இத்தனை வருஷத்தில் அதை யோசிக்கும் தேவையே வந்ததில்லை. விஷயம் புரிந்த மாதிரி இருந்தது. துணியைக் கையில் எடுத்ததும் மறுபடி நழுவியது.

தையலைப் பிரித்தாள். மறுபக்கத்தைத் தைக்கத் துணியை வைத்தாள். இது மறுபக்கமா, பிரித்த பக்கமேதானா? பூ வெளியே இருக்கிறதா, உள்ளேயா? ஊசி இறங்கவில்லை. இந்தத் தடவையும் தவறினால், அங்கே தங்கை அடைத்த பக்கத்தில் கையை முட்டிக்கொண்டு, மறுபடி பக்கத்து அறைக் கதவைத் தட்டவேண்டும்.

"ரெண்டு பக்கமும் திறந்தே விட்டுடறேன்," என்றாள் திடீரென்று. "எப்படிப் போட்டாலும் கை வெளியே வரும்ல?"

"வரும் அண்ணி. நாடா மட்டும் வேணாம். ஒத்தைக் கையால எங்க முடிச்சுப் போடுறது? டிச் பட்டன் வைங்க."

வைத்தாள். நாத்தனார் அண்ணனின் வலது கையைத் துண்டால் மார்போடு கட்டினாள். அவர் இடக்கையால் தலைவழியே மாட்டி, இரண்டு பக்கமும் டிக் டிக்கென்று பட்டனை அழுத்தினார். அவர் தொந்தியில் கொஞ்சம் பிடித்தது. மற்றபடி யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.

அக்கா காகிதம் எடுத்து எழுதினாள்: "பூ வெளியே, தொய்வு முன்னால். இடது வலது பற்றி மட்டும் என்னைக் கேட்காதே. அது எனக்கு இன்னும் குழப்பம்தான். உனக்கு எந்தப் பக்கமும் திறப்பு." சட்டையின் மடிப்பில் அதைச் செருகி, பெரிய தபால் உறையில் போட்டு, பசை தடவி ஒட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்தித் தேய்த்து, தபாலில் சேர்க்கச் சொல்லிக் கணவரிடம் கொடுத்தாள்.