கேட்டாத்தான் சொல்லுவேன்

"ஐயோ... ஜில்லுங்குது பாப்பா. உள்ளங்கையில தேச்சிட்டு வைன்னு எத்தனை தடவை சொல்றது?"

அப்பா முதுகைச் சுருக்கிக்கொண்டார். அவள் ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துவிட்டு மறுபடியும் அவர் முதுகில் வைத்தாள். மூச்சு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. நேற்று நுரையீரலின் அடியில் மட்டும் கேட்ட நீரின் கொறகொறப்பு இன்று தோள்பட்டைவரை ஏறியிருந்தது. இன்றைய பொழுதைத் தாண்டமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இதய நோயாளிகள் வார்டிலேயே தலை நரைக்கத் தொடங்கிவிட்ட நர்ஸுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"என்ன சொல்லுது?" என்றார் அப்பா.

"சாயங்காலம் டாக்டர் வருவாங்கல்ல, பாத்துச் சொல்லுவாங்கப்பா."

"பாத்தியா. மறுபடியும் அதே பாட்டு."

அவள் வார்டில் தினமும் பாடும் பாட்டு அது. என்ன நடக்கிறது என்று நன்றாகத் தெரிந்திருக்கும், ஆனால் அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஓய்வு பெறும்வரை பஸ் ஓட்டிய அப்பாவுக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. "எஞ்சின் முனகறப்பவே என்ன கோளாறுன்னு எனக்குத் தெரிஞ்சிரும். மெக்கானிக் வர்ற வரைக்கும் வாயத் திறக்காதேன்னா பைத்தியம் பிடிச்சிராது?" என்பார். ஒருநாள் சாப்பிடும்போது நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைப் பற்றி அவள் பேச்சுவாக்கில் சொன்னாள். நோயாளியைத் தானே பரிசோதித்து, இன்ன நோய் என்று சொல்லி, மருந்தும் எழுதித் தரக்கூடிய நர்ஸ். அவ்வளவுதான், அப்பா பிடித்த பிடியை விடவில்லை.

"ரூட்டைச் சொல்லு" என்று தட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்தார். "மொத ஸ்டாப்பு எது?"

"நுழைவுத் தேர்வு."

"அப்புறம்?"

"இன்டர்வியூ. ஒரு கேஸைக் குடுத்து, எப்படி விசாரிக்கறோம்னு பாப்பாங்க. அதுல தேறினா ரெண்டு வருஷப் படிப்பு. அதுக்கப்புறம் ஒரு பெரிய டாக்டர்கிட்ட பயிற்சி."

"கடைசி ஸ்டாப்பு?"

"எனக்குன்னு ஒரு ரூம் குடுப்பாங்கப்பா. பேஷண்ட் நேரா என்கிட்டயே வருவாங்க."

"கதவுல பேரு போடுவாங்களா?"

"போடுவாங்க."

"அப்ப ஏறு, ரைட் ரைட்" என்றார் அப்பா. நாற்பதை நெருங்கிக்கொண்டிருக்கும் மகளுக்கு இனிமேல் படிப்பா என்று அவர் கேட்கவே இல்லை. அதற்கு அம்மா இருந்தாள். "பேரன் பேத்தி எடுக்கற வயசுல பை தூக்கிட்டுப் போப்போறா" என்று சொல்லிக்கொண்டே அவளுக்குப் படிக்க மேசையைத் துடைத்து வைத்ததும் அம்மாதான்.

நுழைவுத் தேர்வில் தேறியதும் ஆட்டம் ஆரம்பமாயிற்று. அவள் விசாரித்துப் பழக ஒரு நோயாளி வேண்டுமே? அப்பா முன்வந்தார். தினம் ஒரு நோயாளியாக வருவார். ஒருநாள் வாய்ப்புண்காரர், மறுநாள் முதுகு பிடித்துக்கொண்ட மூட்டை தூக்குபவர். ஒருநாள் தலையணையை வயிற்றில் கட்டிக்கொண்டு இடுப்பைப் பிடித்தபடி நிறைமாதக் கர்ப்பிணியாக வந்து உட்கார்ந்தார். "நாடகக் கம்பெனி தோத்துது போ" என்று அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லா நோயாளிகளுக்கும் பொதுவாக ஒரு விதி இருந்தது. ஒரு விஷயத்தை அப்பா ஒளித்துவைத்திருப்பார். சரியான கேள்வியைக் கேட்டால் "பாஸ்". இல்லையென்றால் "பெயில்" என்று சொல்லிவிட்டுக் காபி கேட்பார். குறிப்புக் கொடுங்கள் என்று கெஞ்சினால் மசியமாட்டார். "கேட்டாத்தான் சொல்லுவேன். பேஷண்டு அப்படித்தான் இருப்பான்."

அந்த விதிதான் வினையாகப் போயிற்று. ஒரு நாள் மாடிப்படி ஏற முடியாத காவலாளியாக வந்தார். மூச்சு வாங்குகிறது என்றார். படுத்தால் அடைக்கிறதா என்று அவள் கேட்டாள், அடைக்கிறது என்றார். எத்தனை தலையணை, கால் வீங்குகிறதா, செருப்பு இறுக்குகிறதா என்று ஒன்றுவிடாமல் கேட்டாள். எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில் வந்தது. "இதயம் பலவீனமாகியிருக்கு ஐயா, நுரையீரல்ல தண்ணி சேருது, உடனே ஆஸ்பத்திரியில சேரணும்" என்று கம்பீரமாகச் சொல்லி முடித்தாள். "பாஸ்" என்றார் அப்பா. அன்றைக்கு அவர் காபி கேட்கவில்லை. அடுத்த வாரம் அவர் சாக்ஸைக் கழற்றியபோது வீங்கிய கணுக்காலில் விழுந்திருந்த பள்ளத்தைப் பார்த்ததும்தான் அவளுக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரி என்றால் பயந்து சாகும் மனிதர், தன் சொந்த நோயைக் காவலாளியின் தலையில் கட்டி மகளிடம் காட்டியிருக்கிறார்.

அவள் அவரைத் திட்டித் தீர்த்து, தன் வார்டிலேயே சேர்த்தாள். அப்பாவோ வார்டில் வருவோர் போவோரிடமெல்லாம், "டாக்டருக்கு முன்னாடியே என் பொண்ணு கண்டுபிடிச்சிட்டா, தெரியுமா?" என்று பீற்றிக்கொண்டார். செய்யக்கூடியதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, இனி வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும் என்று வார்டு டாக்டரம்மா அனுப்பிவைத்தார். இந்தப் படிப்புக்கு மனுப் போடு என்று அவளை முதலில் உசுப்பியதும் அதே டாக்டரம்மாதான்.

இன்டர்வியூ நாளைக்கு. இன்று காலை அவள் சமையலறையில் நின்று டாக்டரம்மாவுக்குப் போன் செய்திருந்தாள். "நான் போகல டாக்டர். தேதி மாத்த வேண்டாம், என் பேரையே எடுத்துடச் சொல்லுங்க. வீட்ல இருக்கற மனுஷன் நடிக்கறாரா நிஜமா சொல்றாரான்னே எனக்குத் தெரியல. நான் ரூம்ல உக்காந்து யாரைப் பாத்து என்ன சொல்லப்போறேன்?" மெதுவாகத்தான் பேசினாள். ஆனால் அப்பாவுக்குக் காது பாம்புக்காது.

இப்போது முதுகைத் துடைத்துச் சாய்த்து உட்கார வைத்ததும் அவர் கூப்பிட்டார்.

"சிஸ்டர்."

பாப்பா என்று கூப்பிடாமல் சிஸ்டர் என்றால் ஆட்டம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

"வேணாம்பா. பேசினா மூச்சு வாங்கும்."

"பேஷண்டு... காத்திருக்காரு."

"கேட்டுத் தொலையேண்டி. கேக்கலன்னா இன்னும் நாலு வார்த்தை கூடத்தான் பேசுவாரு" என்றாள் அம்மா. கட்டிலின் மறுபக்கம் அவர் காலை மடியில் வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வயசு என்ன ஐயா?"

"எழுபது. பஸ் டிரைவர். ஒரு பொண்டாட்டி, ஒரு பொண்ணு." மூச்சு வாங்கிக்கொண்டார். "ரெண்டும் வாயாடி."

"ஆரம்பிச்சிட்டாரு" என்றாள் அம்மா.

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல."

"மூச்சு?"

"ஏறுது. ஏத்தத்துல... லோடு வண்டி மாதிரி."

"தூக்கம்? தாகம்? வாய் உலருதா? வயிறு உப்பியிருக்கா?" அவள் வரிசையாகக் கேட்டாள். அப்பா எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினார். ஆட்டி முடித்துவிட்டு, "பெயில்" என்றார்.

"எல்லாத்தையும் கேட்டுட்டேன்பா."

"கேக்கல."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். புருவம் மட்டும் லேசாகச் சுருங்கியிருந்தது. அந்தச் சுருக்கத்தை எத்தனையோ கட்டில்களில் பார்த்திருக்கிறாள். பார்த்தும் அதைப் பற்றி ஒருவரிடமும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் பக்கத்தில் உட்கார வேண்டும், அதற்குள் அடுத்த கட்டில்காரர் மணி அடித்துவிடுவார். இன்று மணி அடிக்க யாரும் இல்லை. கழுத்திலிருந்து ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்காப்பா?"

அம்மாவின் கை காலைப் பிடிப்பதை நிறுத்திவிட்டது.

"இருக்கு" என்றார் அப்பா.

"ரொம்பவா?"

"புது ரூட்டு. தெரியாத ரோடு... மொத தடவை இருக்கும்ல."

"நான் எங்கயும் போகல. இங்கயேதான் இருப்பேன்."

"ம்." புருவம் மெல்ல இளகியது. "பாஸ்." கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறக்காமலே, "பஸ்ஸ விட்றாத பாப்பா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அவள் கையை விடவில்லை. ஜன்னல் வெயில் கட்டிலிலிருந்து இறங்கித் தரைக்குப் போயிற்று. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே வந்தது. ஒன்று வந்தது. அடுத்ததற்காக அவள் காத்திருந்தாள். அது வரவில்லை. மணிக்கட்டில் விரலை வைத்தபடியே இருந்தாள்.

துணியை நனைத்துவரப் போயிருந்த அம்மா திரும்பி வந்து அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னடி?"

'டாக்டர் வந்து சொல்லுவாங்க' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் அதை விழுங்கினாள்.

"போயிட்டாரும்மா. வலியில்லாமப் போயிட்டாரு. நான் பாத்துட்டேன்."

அவள் சொன்னதை அம்மா அப்படியே நம்பினாள். வேறு யாராவது வந்து சொல்லட்டும் என்று அம்மாவுக்குத் தோன்றவே இல்லை. வந்து போர்வையை இழுத்துவிட்டாள். "கால் வெளிய நீட்டிக்கிட்டிருக்கு பாரு. எந்தக் காலத்துல ஒழுங்காப் போத்திட்டுப் படுத்தாரு இந்த மனுஷன்" என்றவள், அந்தக் காலின் மேலேயே முகத்தை வைத்து அழுதாள். அவளும் அம்மாவின் முதுகில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள்.

டாக்டரம்மா சொன்னபடியே சாயங்காலம் வந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் தோளைத் தொட்டார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "சொல்லுங்க சிஸ்டர்" என்றார்.

அவள் நிமிர்ந்து நின்றாள். "எழுபது வயசு. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். இதயம் பலவீனமாகி நுரையீரல்ல நீர் சேர்ந்திருந்தது. காலையில தோள்பட்டை வரைக்கும் கேட்டது. வலி இல்லை. பயம் இருந்தது, அப்புறம் குறைஞ்சுது. மத்தியானம் மூச்சு நின்னுது." நிறுத்தினாள். "ஒரு பொண்டாட்டி, ஒரு பொண்ணு. ரெண்டும் வாயாடி."

மூலையிலிருந்து அம்மா அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள்.

டாக்டரம்மா அவள் கையைப் பற்றினார். பிறகு, "அந்த இன்டர்வியூ... நான் அவங்ககிட்ட இன்னும் எதுவும் சொல்லல" என்றார்.

"வேற தேதி கேட்டுப் பாருங்க டாக்டர்."

"கேக்கறேன்."

டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு, முறைப்படி ஒருமுறை பார்த்துவிட, அப்பாவின் சட்டைப் பொத்தானை விலக்கிக் குனிந்தார்.

"ஒரு நிமிஷம், டாக்டர்."

அவள் குறுக்கே கையை நீட்டி, ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத்தை வாங்கி, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். டாக்டரம்மா குனிந்தபடியே காத்திருந்தார்.