நூறு கிராமில் முப்பத்தெட்டு

தீபாவளி நெருங்கிய ஒரு மழை நாளில் கிருஷாந்தி கொழும்பிலிருந்து வந்து இறங்கினாள். கொட்டகலை ஸ்டேஷனுக்குப் போய் அவளைக் கூட்டிவந்தது அப்பா சோலைமலை. முழங்கால் வலி என்று கோயில் கூட்டத்துக்குக்கூடப் போகாமல் படுத்திருந்த மனிதர், சின்ன மகள் வருகிறாள் என்றதும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தது மூத்தவள் பிரியந்தி.

அம்மா இறந்தபிறகு தேயிலைத் தோட்டத்து அந்த லயத்து வீடு பிரியந்தியால்தான் ஓடியது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்ற நீரிழிவு வந்ததிலிருந்து அவர் வாய்க்குள் போவதெல்லாம் அவள் கைக்கணக்கு. குரக்கன் ரொட்டி, வல்லாரைச் சம்பல், சீனி போடாத சாயத்தண்ணி. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடுவார். நல்லா இருக்கு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவளும் எதிர்பார்ப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

கிருஷாந்தி வெள்ளவத்தையில் புடிங், ஐஸ்கிரீம் விற்கும் ஒரு கடையில் வேலை செய்தாள். பையைத் திறந்ததும் முதலில் அவள் எடுத்தது ஒரு பெரிய பிளாஸ்டிக் பெக்கட். உள்ளே கன்னங்கரேலென்று மண்ணைப் போல ஏதோ இருந்தது.

"என்னாடி இது, பூச்சட்டிக்குப் போடுறதா?" என்றார் சோலைமலை.

"சொக்லேட் பிஸ்கட்ட நொறுக்குன தூள்ப்பா. புடிங்குக்கு மேல தூவுறது. எங்க கடையில இதுக்குத்தான் கூட்டம்."

அன்று பின்னேரமே டின்பாலும் உறையவைக்கும் கடல்பாசியும் போட்டுப் புடிங் செய்தாள். உறைந்ததும் கிண்ணங்களில் வெட்டி வைத்து மேலே தூளைத் தூவினாள். அப்பாவின் கிண்ணத்தை நீட்டப் போனவள் நின்று, அக்காவைப் பார்த்தாள்.

"அக்கா, அப்பாவுக்குக் குடுக்கலாமா? ஒனக்குத்தானே தெரியும்."

"ஒரு வாய் குடு," என்றாள் பிரியந்தி.

சோலைமலை ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். தூள் பல்லில் மொறுமொறுவென்று அரைபட்டது.

"இப்புடி வாய்க்கு ருசியா ஒண்ணு தின்னு எத்தன வருசமாச்சு," என்றார். பிறகு சின்ன மகளின் தலையில் கையை வைத்தார். "என் புள்ள கையி, அவ அம்மா கையி."

பிரியந்தி அடுப்படிக்குள் போய்விட்டாள். வருசத்துக்கு இரண்டு தரம் வந்து போகிறவளின் கை, அம்மா கை. தினமும் மாவு பிசையும் இந்தக் கைக்கு என்ன பெயர்?

பெக்கட் அடுப்பு மேடையில் கிடந்தது. பிள்ளைக் காம்பரா வேலைக்குச் சேர்ந்தபோது போசாக்கு வகுப்பில் லேபல் வாசிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் திருப்பிப் பார்த்தாள். சீனி என்ற இடத்தில் சிவப்பு வட்டம். நூறு கிராமில் காபோவைதரேற்று, அதாவது மாவுச்சத்து, எழுபது. அதில் சீனி மட்டும் முப்பத்தெட்டு. கொழுப்பு பத்தொன்பது, அதில் பாதி நிறைவுற்ற கொழுப்பு. நார்ச்சத்து மூன்று, புரதம் ஐந்து. ஒரு தடவைக்குத் தூவுவது பன்னிரண்டு கிராம் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. மிஞ்சிப்போனால் ஒரு மேசைக்கரண்டி. அப்பாவின் கிண்ணத்தில் மூன்று கரண்டி இருந்தது. அடியில் சீனி கலந்த டின்பால் வேறு.

பெக்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். இதைப் படித்துக் காட்டினால் போதும், கிருஷாந்தியின் முகம் வாடிவிடும். ஆனால் அப்பா என்ன சொல்வார்? பெரியவளுக்குப் பொறுக்கவில்லை என்பார். உள்ளே அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே நின்றவளுக்கு வேறொரு எண்ணம் வந்தது. தீபாவளி முடிந்ததும் சீனி கிளினிக் இருக்கிறது. தின்னட்டும். இரத்தம் சொல்லட்டும், யார் கை எப்படிப்பட்டது என்று.

அவள் உள்ளே போய் அப்பாவின் கிண்ணத்தில் இன்னொரு துண்டை வைத்து, தன் கையாலேயே தூளை அள்ளித் தூவினாள்.

கிருஷாந்தி ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீ திட்டுவேன்னு பயந்துகிட்டே இருந்தேன்க்கா."

"நல்ல நாளு. ஒண்ணும் ஆகாது."

கிருஷாந்தி திரும்பிப் போகும்வரை தினமும் புடிங் நடந்தது. போனபிறகும் பெக்கட்டில் தூள் மிச்சமிருந்தது. அப்பா கேட்கும்போதெல்லாம் பிரியந்தி தயிரில் போட்டுக் கொடுத்தாள். அவர் அடிக்கடி தண்ணீர் கேட்டார், அடிக்கடி ஒன்றுக்குப் போனார். அது ஏன் என்று அவளுக்குத் தெரியும். கிளினிக் நாள் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கிளினிக்கில் அப்பாவின் விரலில் குத்திப் பார்த்த நர்ஸம்மா, மெசினை ஒரு தரம் தட்டிவிட்டு மறுபடி குத்தினாள். மறுபடியும் நானூறைத் தாண்டியே காட்டியது. சிங்களப் பெண், கொச்சைத் தமிழில் கேட்டாள். "ஐயாவுக்கு என்ன குடுத்தது? வீட்டுல சமைக்கிறது யாரு?"

இந்தக் கேள்விக்காகத்தான் பிரியந்தி காத்திருந்தாள். அப்பாவே சின்னவளின் பெயரைச் சொல்லட்டும் என்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என் மூத்த மகதாங்க," என்றார் சோலைமலை. "ஆனா அவமேல குத்தமில்ல, மிசின் பிழையா இருக்கும். அவ ரொம்ப கணக்கான புள்ள. சின்னவ கொண்டாந்ததக்கூட இவ கையால குடுத்த பொறவுதான் நான் பயமில்லாம தின்னேன். ஆகாததுன்னா இவ குடுக்கவே மாட்டா."

பிரியந்தியால் அங்கே நிற்க முடியவில்லை. அவரை அன்றே வார்டில் போட்டு ஊசி ஏற்றினார்கள். காலில் எப்போதோ பட்ட சின்னக் காயம் புண்ணாகத் தொடங்கியிருக்கிறது என்றும், இனி தினமும் இன்சுலின் போட வேண்டும் என்றும் டொக்டர் சொன்னார்.

வார்டுக்கு வெளியே வெயிலில் நின்று தங்கச்சிக்குப் போன் எடுத்தாள். விஷயத்தைக் கேட்டதுமே கிருஷாந்தி அழ ஆரம்பித்தாள்.

"என்னாலதான்க்கா. அந்தச் சனியனைக் கொண்டாந்தது நான்தானே."

அப்படியே விட்டிருக்கலாம். அவள் ஆசைப்பட்டது தானாகவே கைக்கு வந்திருந்தது. ஆனால் அப்பா நர்ஸம்மாவிடம் சொன்னதுதான் பிரியந்தியின் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இல்ல புள்ள. நீ என்னயக் கேட்டே. நான் லேபல படிச்சேன். படிச்சிட்டுத்தான் குடுத்தேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"ஏன்க்கா?"

"ஒன் கைய அம்மா கையின்னாரு," என்றாள் பிரியந்தி. சொல்லும்போது அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று தெரிந்தது. ஆனாலும் உள்ளே எரிச்சல் அடங்கவில்லை.

கிருஷாந்தி போனை வைத்துவிட்டாள். அன்று மாலையே ரயிலேறி ஆஸ்பத்திரிக்கு வந்தவள் அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவிடம் எதையும் போட்டுக்கொடுக்கவுமில்லை. அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தபிறகு இன்சுலின் போடப் படித்துக்கொண்டது இரண்டு பேரும்தான்.

முதல் நாள் ஊசியை எடுத்தபோது சோலைமலை சின்னவளின் கையைத் தள்ளினார். "நீ வேணாம், கை நடுங்குது. பெரியபுள்ள போடட்டும்."

கிருஷாந்தி ஊசியை அக்காவிடம் நீட்டினாள். அவள் முகம் சட்டென்று சுருங்கியதைப் பிரியந்தி கண்டாள். அந்தச் சுருக்கம் எங்கிருந்து வருகிறதென்று அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"இங்க வா," என்றாள் தங்கச்சியிடம். "நீ தோலப் புடி. நான் போடுறேன்."

கிருஷாந்தி ஊசிப் பெட்டியை மூடி ஓரமாக வைத்தாள். பிறகு வந்து பிடித்தாள்.