பெயர் இருந்தது, பதவி இருந்தது

சூளகிரி தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்று சுவாதியைப் பேச அழைத்திருந்தது. கல்லூரியில் மென்பொருள் ஆய்வு செய்கிறவளுக்கு அதுதான் முதல் மேடை. ஆய்விதழ்களில் வராத, பொறியாளர்கள் வலைப்பதிவில் எழுதிவைக்கிற அனுபவங்களையும் ஆதாரமாகக் கொள்ளலாம் என்பது அவள் கட்சி. இயந்திர மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் ஒரு கருவியைப் பற்றி அப்படித் திரட்டிக் கட்டுரை வெளியிட்டிருந்தாள். அதில் கனமான சாட்சி, இதே தொழிற்சாலைப் பொறியாளர் பிரதாப்பின் பதிவு. கருவி வந்தபின் பிழைகள் பாதியாகிவிட்டன என்றது அது.

கேன்டீனில் அவனே டீ வாங்கி வந்தான்.

“உங்க பதிவு இல்லன்னா என் கட்டுரையே இல்லீங்க” என்றாள்.

பிரதாப் சிரித்துவிட்டான். “நான் எங்க மேடம் எழுதுனேன்? எனக்கு லீவ் லெட்டரே ஒழுங்கா வராது. கருவிய விக்க வந்தவங்களே எழுதிக் குடுத்தாங்க. போட்டோவும் பேரும்தான் நம்முது. இங்க எல்லாரும் அப்பிடித்தான்.”

“பிழை பாதியாச்சுன்னு...”

“அப்ப ஓட்டவே ஆரம்பிக்கல, சும்மா டெமோதான்.” குரலைத் தாழ்த்தினான். “இப்ப ஓட்டறோம். பெருசா ஒண்ணும் கொறையல. ஆனா உங்க கட்டுரையக் காட்டித்தான் மேனேஜர் அடுத்த பிளான்ட்டுக்கும் ஆர்டர் போடப் போறாரு. ஆராய்ச்சியே சொல்லிடுச்சாம்.”

சுவாதி டீயைக் கீழே வைத்தாள். பதிவுகளின் நம்பகத்தன்மையை எடைபோடும் பட்டியலில், ‘எழுதியவர் யார்’ என்ற கட்டத்தில் அவன் பதிவுக்கு அவள் முழு மதிப்பெண் போட்டிருந்தாள். பெயர் இருந்தது, பதவி இருந்தது. கல்லூரி பஸ் தினமும் இந்த கேட்டைத் தாண்டித்தான் போகிறது. இறங்கிக் கேட்டிருக்கலாம். தோன்றாமல் இல்லை. கேட்டால் கட்டுரை கெட்டுவிடுமோ என்றுதான் கேட்காமல் விட்டிருந்தாள்.

“என் பேரச் சொல்லிடாதீங்க மேடம். வேல போயிடும்.”

மேலாளர் முனீஸ்வரன் அவளை மேடைக்கு அழைத்தார். “நம்ம அனுபவத்தையே ஆராய்ச்சியாக்குன மேடம்!”

சுவாதி மைக்கைப் பிடித்தாள். “நான் யாரையும் நேர்ல கேட்டுச் சரிபாக்கலைங்க. அந்தக் கட்டுரைய முழுசா நம்ப முடியாது.”

“எவ்ளோ அடக்கம் பாருங்க!” என்றார் முனீஸ்வரன். கைதட்டல் எழுந்தது. கடைசி வரிசையில் பிரதாப்பும் பலமாகத் தட்டினான். அதோடு விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அவளுக்குக் காது சுட்டது. “அடக்கம் இல்ல சார், தப்பு. கருவி விக்கிறவங்க எழுதுனத அனுபவம்னு எடுத்துக்கிட்டேன். சந்தேகம் வந்தும் கேக்கல. கட்டுரைய வாபஸ் வாங்கப் போறேன். அத நம்பி ஆர்டர் போடாதீங்க.”

தட்டிய கைகள் நின்றன. முனீஸ்வரன் மெல்லத் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். பிரதாப் குனிந்துகொண்டான். பெயரைச் சொல்லாமலே சொல்லியாகிவிட்டது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“கேட்கலாம்னு வந்திருந்தா அன்னைக்கே கேட்டைத் திறந்துவிட்டிருப்போமேம்மா” என்றார் முனீஸ்வரன்.

சுவாதி தலையாட்டினாள். மைக்கை வைத்துவிட்டுப் பிரதாப் இருந்த பக்கம் பார்க்காமலே இறங்கினாள்.