பன்னிரண்டு மணிக்குப் பிறகு

“கையெழுத்தப் போடுன்னா போடு!”

இன்ஸ்பெக்டர் பிடரியைப் பிடித்து அழுத்தியதில் அவள் நெற்றி மேசை விளிம்பில் இடித்தது. கண்ணுக்குக் கீழே காகிதம் கிடந்தது. ‘நேற்றுக் காலை பத்து மணிக்கு மாரடைப்பால் இறந்தார். விசாரணை வேண்டாம்.’ பக்கத்து மேசையில் அவளுடைய தம்பி குப்புறக் கிடந்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிணவறைக்காரர் அதைக் கத்தரித்துக் கத்தரித்து உரித்தார்.

தம்பிக்கு அச்சகத்தில் வேலை. ஜனாதிபதி அவசரநிலை அறிவித்ததிலிருந்து இன்று எத்தனையாவது நாள் என்று ஓயாமல் சொல்லிச் சொல்லியே அங்கே ‘காலண்டர்’ என்று பெயர் வாங்கினான். அரசியல் சட்டத்தில் இருந்ததைத்தான் அச்சடித்துச் சுவரில் ஒட்டினான்: சபை கூடி ஒப்புதல் தராவிட்டால் முப்பதாம் நாள் மதியம் பன்னிரண்டு மணியோடு அவசர அதிகாரம் முடிந்துவிடும், பிறகு காரணம் சொல்லாமல் யாரையும் அடைத்து வைக்க முடியாது. அதற்காக இருபத்தெட்டாம் நாள் அவனை அள்ளிக்கொண்டு போனார்கள். சபையைக் கூட்டும் தைரியம் ஜனாதிபதிக்கு வரவில்லை. முப்பதாம் நாள் நேற்றுதான்.

“காலைல பத்து மணியா சார்?”

“பன்னண்டுக்கு முன்னாடின்னா விசாரணை கிடையாது, இப்பவே தூக்கிட்டுப் போகலாம். அப்புறம்னா மாஜிஸ்திரேட் வரணும், அறுக்கணும். உன் தம்பியக் கூறு போடணுமா?”

வீட்டில் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவனை முழுசாகக் கொண்டுபோய் அவளிடம் காட்டினால் போதும் என்று பேனாவை எடுத்தாள். அந்த நேரம் பார்த்துப் பிணவறைக்காரர் சட்டையை வாளியில் போட்டார். காலர் மட்டும் வெளியே தொங்கியது. அவள் தையல்காரி. தன் தையலை எந்த ரத்தத்திலும் அவளுக்குத் தெரியும்.

“இது நேத்து நான் குடுத்த சட்டை.”

“இருந்துட்டுப் போகட்டும்.”

“இவன் போட்டிருந்தது கிழிஞ்சு ரத்தமா இருக்கு, வெளிய அனுப்ப நல்ல சட்டை கொண்டான்னு உங்க ஸ்டேஷன்லேர்ந்துதானே ஃபோன் பண்ணீங்க? ரெண்டு பத்துக்குக் குடுத்தேன். ரிஜிஸ்டர்ல நேரம் எழுதிக் கையெழுத்து வாங்குனீங்க. பத்து மணிக்குச் செத்தவன் ரெண்டு மணிச் சட்டைலயா ரத்தம் விட்டான்? முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறீங்களே சார்!”

அறை விழுந்தது. வாளியோடு சேர்ந்து அவளும் சாய்ந்தாள். எழ ஊன்றிய வலது கையின்மேல் பூட்ஸ் ஏறித் திருகியது. சுட்டுவிரல் முறியும் சத்தம் அவளுக்கே கேட்டது.

“பன்னண்டுலேர்ந்து ரெண்டு மணி நேரம்டி! மணி ஒண்ணாச்சு, ஒண்ணரையாச்சு, இனிமே என்னை வெச்சிருக்க உனக்கு அதிகாரம் இல்லன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லிக்கிட்டே இருந்தான். சட்டை வந்ததும் மாட்டிக்கிட்டு, ரெண்டேகாலாச்சு சார், கதவத் தொறங்கன்னான். தொறந்தேன்! லத்தி ஒடையற வரைக்கும் தொறந்தேன்!”

“சொன்னது போதும் இன்ஸ்பெக்டர்.”

வாசலில் டாக்டரம்மா நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை.

“முப்பது நாளா ஒவ்வொரு சாவுக்கும் நீங்க சொன்ன காரணத்தத்தான் எழுதிக் குடுத்தேன். என் புத்தியச் செருப்பால அடிக்கணும். இன்னைக்கு எழுத மாட்டேன். மாஜிஸ்திரேட் கிளம்பிட்டார்.”

இன்ஸ்பெக்டர் பிணவறைக்காரரைப் பார்த்தார். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் வாளியை எட்டி உதைத்துவிட்டு வெளியே போனார். அவள் தம்பியின் காலைத் தொட்டாள். அது விறைத்திருந்தது. அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

டாக்டரம்மா அவளைப் பெஞ்சில் உட்கார வைத்து எழுதத் தொடங்கினார்.

“சட்டை குடுத்தது?”

“ரெண்டு பத்து.”

“ஃபோன் வந்தது?”

“பன்னண்டு அஞ்சு.”

“ஸ்டேஷன் ரொம்ப தூரமோ?”

“அடுத்த தெரு.”

டாக்டரம்மா நிமிர்ந்தார்.

“வீட்டுல இருந்ததெல்லாம் பழசு டாக்டரம்மா. ஜெயிச்சுட்டு வர்றவன் புதுசு போட்டுக்கிட்டு வரட்டுமேன்னு... காலரும் கையும்தான் பாக்கி இருந்துச்சு. தைச்சு முடிச்சு, இஸ்திரி போட்டு எடுத்துட்டுப் போனேன்.” அவள் காகிதத்தைப் பார்த்தாள். “அதையும் எழுதிக்குங்க.”

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, வீங்கிய விரலுக்குக் கட்டுப் போடத் துணியை எடுத்தார்.