சங்கு ஊதினால் எழுந்து போகிறவர்

தறிக்காரர் விடியற்காலையில் இறந்துபோனார். ஆலைச் சங்கு ஊதியதும் எழுந்து வேலைக்குப் போய்விட்டார். அவர் மனைவிக்கு இதில் ஆச்சரியப்பட நேரமில்லை. ஆலை முதலாளி கட்டிய அந்தக் குடியிருப்பு பார்க்க லட்சணமாக இருக்கும். ஒரே மாதிரிச் செங்கல் வீடுகள், ஒரே மாதிரிப் பச்சைக் கதவுகள், வாசலுக்கு வாசல் பூச்செடி. வெளியூர்க்காரர்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போவார்கள். அவர்களிடம் சொல்லாத சட்டம் ஒன்று உண்டு: வேலைக்குப் போகிறவர் இருக்கும்வரைதான் வீடு. ஆள் போய்விட்டால் அந்த மாதமே சாவியை ஒப்படைத்துவிட வேண்டும். அவளுக்குக் கையில் குழந்தை, போக்கிடம் கிடையாது. சில்லிட்டுக் கிடந்த கணவனைத் தொட்டுப் பார்த்தவள், பக்கத்து வீட்டுக்கும் பொதுவான மெல்லிய சுவரைப் பார்த்தாள். முந்தானையை வாயில் அடைத்து வந்த அழுகையை அடக்கிக்கொண்டாள். அவர் எழுந்து சட்டையை மாட்டியபோது சாப்பாட்டுத் தூக்கைக் கையில் கொடுத்தாள்.

தறிக்கூடத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அங்கே இருக்கிற இரைச்சலில் எல்லோரும் உதட்டை அசைத்தே பேசிக்கொள்வார்கள். ஒருவருக்குக் குரல் போனது எப்படித் தெரியும்? இருமல் நின்றுவிட்டதே என்று மேஸ்திரி சந்தோஷப்பட்டார். ஒருநாள்கூட விடுப்பு எடுக்காதவர் என்று நிர்வாகம் சுவர்க்கடிகாரம் பரிசளித்தது. அவர்களுக்கு உயிரா முக்கியம், ஆள் வந்தால் போதாதா? தூக்கு மட்டும் தினமும் தொடாமல் திரும்பி வந்தது. அந்தச் சோற்றைத்தான் பாவம், அவள் சாயங்காலம் சாப்பிட்டாள். அவர் நரைக்கவேயில்லை, அவள் நரைத்தாள். மகள் அப்பாவின் உதட்டைப் படித்தே வளர்ந்தாள். அம்மாவுக்குத்தான் அது கடைசிவரை பிடிபடவில்லை.

பிறகு ஆலை நொடித்துப்போகவே மூடிவிட்டார்கள். வீடுகளைக் குடியிருந்தவர்கள் பேருக்கே எழுதிக் கொடுத்தார்கள். சங்கு ஊதாத முதல் நாள் காலையில் அவர் கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தார்.

"என்னங்க, வீடு நம்மளுதாயிடுச்சு. இனிமே யாரும் சாவி கேட்டு வரமாட்டாங்க. நீங்க படுங்க," என்றாள்.

அவர் உதடு அசைந்தது. அவள் மகளைப் பார்த்தாள்.

"இப்பவாவது சத்தமா அழுதுக்கோன்னு சொல்றாரும்மா."

அவர் படுத்துக் கண்ணை மூடினார். அத்தனை வருஷமும் அடக்கி வைத்ததை அவள் ஒரேயடியாக அழுதாள். அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். அதற்கடுத்த வீட்டிலும். சாயங்காலத்துக்குள் வரிசை முழுக்க அழுகை. எப்போது போனார் என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. குழி வெட்டுகிறவர் அந்த வாரம் உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.